பலகை சொல்லாத பால் கணக்கு

மதுரையிலிருந்து தென்காசிக்குப் போகும் நெடுஞ்சாலையில் கிருஷ்ணன்கோவிலைக் கடந்ததும் பால்கோவாவின் பெயர் பிரயாணியின் கண்ணில் படத் தொடங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தை நெருங்க நெருங்கப் பலகைக்குப் பலகை எழுத்துப் பெரிதாகி, ஆண்டாள் கோயிலை அடைகிறபோது சுவரில் வேறு எதற்கும் இடமில்லாதபடி நிறைந்துவிடுகிறது. 'ஒரிஜினல்' என்பார் ஒருவர். 'அசல்' என்பார் அடுத்தவர். 'சுத்தமான பசும்பாலில் விறகடுப்பில் தயாரித்தது' என்பார் மூன்றாமவர். அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர் சென்று ராஜபாளையத்தில் இறங்கினால், கோடைக்காலமாயிருந்தால் மாம்பழத்துக்கும், எந்தக் காலமாயிருந்தாலும் நாய்க்கும், அவ்வூரின் பெயரே விளம்பரமாய் நிற்பதைக் காணலாம். இரண்டு ஊர்களும் தங்கள் பெயரை உலகத்துக்குக் கொடுத்திருக்கின்றன. ஓர் ஊரின் பெயரைத் தின்பண்டத்தின் மீது எழுதி விற்கிறவர், அந்த ஊரின் மாட்டுக்கும், மாட்டை வளர்க்கிறவருக்கும், அடுப்பருகே நின்று கிண்டுகிறவருக்கும், காசு கொடுத்து வாங்கித் தின்கிறவருக்கும் கடன்படுகிறார் என்பது என் திடமான எண்ணம். அந்தக் கடன் எவ்வளவு, அதில் எவ்வளவு தீர்க்கப்படுகிறது என்று பார்க்கவே இதை எழுதத் தொடங்கினேன்.

பாலுக்கும் இந்த ஊருக்கும் உள்ள சம்பந்தம் கடைத்தெருவில் பிறந்ததன்று. திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில், மார்கழி நோன்பு தொடங்கும் ஆய்ச்சியர் முதல் காரியமாகப் பாலையும் நெய்யையும் விலக்குகிறார்கள். இருபத்தேழாம் பாசுரத்தில், நோன்பு நிறைவேறிய மகிழ்ச்சியில் எல்லோரும் ஒன்றாய் அமர்ந்து நெய் மிதக்கும் பாற்சோற்றை உண்கிறார்கள். நாச்சியார் திருமொழியில் அதே ஆண்டாள் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக நேர்ந்துகொள்ள, அந்த நேர்த்திக் கடனைப் பிற்காலத்தில் ராமானுஜர் அழகர்கோயிலில் செலுத்திவிட்டு இவ்வூருக்கு வந்தபோது, ஆண்டாள் அவரை 'அண்ணா' என்று அழைத்து எதிர்கொண்டாள் என்பது வைணவ சம்பிரதாயம் போற்றும் வரலாறு. வாயால் சொன்ன ஒரு பண்டத்தை, சொன்ன அளவில், சொன்ன தரத்தில், ஒருவர் சொல்லியதற்காக இன்னொருவர் பொறுப்பேற்றுக் கொடுத்துத் தீர்த்த ஊர் இது. பால்கோவாப் பெட்டிகள் பலவற்றில் ஆண்டாளின் சாய்ந்த கொண்டையும் கோபுரமும் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்க்கிறபோது, அந்தப் படத்தை அச்சிட்டவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்தே தலைமேல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தின்று முடித்த பின் அந்தப் பெட்டி ரயிலடியிலும் பேருந்துப் படிக்கட்டிலும் மிதிபடுகிறது என்பது தனி வருத்தம். தெய்வத்தின் உருவத்தைக் குப்பைக்குப் போகும் அட்டையில் அச்சிடாமலே வியாபாரம் நடத்த முடியும்.

இன்று நாம் தின்னும் பால்கோவா என்னவோ சென்ற நூற்றாண்டின் பண்டந்தான். வடநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தார் கோயிலருகே கடை வைத்துத் தொடங்கியது என்று ஊரார் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து மேய்ச்சலும், சுற்றுவட்டாரக் கிராமங்களின் மாடுகளும், பிற்பாடு எழுந்த பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் அதை ஊரின் ஜீவனமாக ஆக்கின.

செய்முறையில் ரகசியம் எதுவும் கிடையாது. பாலும் சர்க்கரையும் தவிர மூன்றாவது பொருள் இல்லை. கோயிலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், கடையின் பின்கட்டில், அகன்ற இரும்புச் சட்டியில் பால் கொதித்துக்கொண்டிருக்க, அடியில் புளிய விறகு நின்று எரிய, இடுப்பில் துண்டைக் கட்டிய ஒருவர் நீண்ட பிடியுள்ள கரண்டியால் சட்டியின் அடியை வழித்து வழித்துக் கிண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஆடை படிய விடக் கூடாது. அடி பிடிக்க விடக் கூடாது. கை ஓயக் கூடாது. பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர். அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் வரைக்கும், பாலின் புரதமும் பால்சர்க்கரையும் அந்தச் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து இளம் பழுப்பு நிறத்தையும் அந்த மணத்தையும் தரும் வரைக்கும், அந்த மனிதர் நெருப்பின் முன்னால் நிற்க வேண்டும். சர்க்கரை விழுந்ததும் கலவை ஒருமுறை இளகி, மீண்டும் இறுகி, சட்டியின் ஓரத்தை விட்டு ஒட்டாமல் திரளும், அதுதான் பதம். சற்று முன்னால் இறக்கினால் இரண்டே நாளில் புளிக்கும். சற்றுப் பிந்தினால் மணல்போல் நறநறக்கும். அந்தக் கணத்தை அவர் கடிகாரத்தைப் பார்த்து அறியவில்லை. கரண்டி இழுக்கும் கனத்தில் அறிந்தார்.

முன்கட்டில் அப்போது ஓர் அம்மாள் வந்து, "இன்னைக்குப் போட்டதா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"இந்தத் தட்டுல இருக்கிறது நேத்து ராத்திரி இறக்கினதும்மா. காலைப் பாலு இப்பத்தான் அடுப்புல கிடக்கு. செத்த நேரம் உக்காந்தீங்கன்னா சூடாத் தாரேன்" என்றார் கடைக்காரர்.

விளம்பரக் கலையைக் குறித்து எத்தனையோ நூல்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தக் கடையின் பலகையில் இருந்த அடைமொழிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இந்த இரண்டு வரிப் பதிலுக்கு ஈடாகாது. அந்தப் பதிலில் நாள் இருந்தது, உண்மை இருந்தது, வாடிக்கையாளர் எழுந்து போய்விடலாம் என்ற அபாயத்தை அறிந்தே சொன்ன நேர்மையும் இருந்தது. உதிரியாக விற்கும் இனிப்புகளின் தட்டருகே எத்தனை நாளுக்குள் உண்ணலாம் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. பலகைக்கு வர்ணம் பூசச் செலவழிக்கும் கடைகளில், அந்தச் சிறு அட்டையைக் கண்ணில் படும்படி வைப்பவை எத்தனை என்று அடுத்த முறை போகிறவர்கள் பார்க்கட்டும்.

இனி கணக்குக்கு வருவோம். பத்து லிட்டர் பாலுக்குச் சுமார் ஒன்றேகால் கிலோ சர்க்கரை என்பது இங்கே பொதுவாகச் சொல்லப்படும் அளவு. பத்து லிட்டர் பசும்பாலில் தண்ணீர் நீங்கலாக ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேலாகச் சத்து இருக்கும். சர்க்கரையும் சேர்ந்து, பதத்தில் தங்கும் ஈரமும் சேர்ந்தால், மூன்று கிலோவும் கொஞ்சமும் கோவா கிடைக்கும். ஆகவே ஒரு கிலோ கோவாவுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் பால் வேண்டும். ஆவின் நிறுவனம் 2022 நவம்பரில் பசும்பாலின் கொள்முதல் விலையை லிட்டருக்கு 35 ரூபாயாக உயர்த்தியது. 2023 டிசம்பரில் அதன்மேல் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. அந்த விலையில், பால் ஒன்றுக்கே கிலோவுக்கு 114 ரூபாய் ஆகிறது. சர்க்கரை, விறகு, கிண்டுகிறவரின் கூலி, கடை வாடகை, அட்டைப்பெட்டி எல்லாம் அதற்கு மேல். இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொண்டவர், ஓடும் ரயிலிலோ தூரத்து நகரத்துச் சந்தையிலோ பால் விலைக்கும் காணாத விலையில் 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' கிடைக்கிறபோது, அதற்குள் பால் இல்லை என்பதை நாக்கில் வைக்காமலே சொல்லிவிடலாம். மைதாவோ வேறு மாவோ கலந்திருக்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே வழி உண்டு: சிறிது கோவாவைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் அயோடினில் இரண்டு சொட்டு விட்டால், மாவு இருக்குமானால் நீலம் பாயும்.

பலகையில் எழுதும் சொற்களுக்கும் சட்டம் இருக்கிறது என்பதைப் பலர் அறியார். உணவு விளம்பரங்களுக்கும் உரிமைகோரல்களுக்குமான விதிமுறைகள் 2018இல் வந்தன. அவற்றின்படி, எங்கே தோன்றியது என்று தடம் காட்டக்கூடிய செய்முறையில், காலப்போக்கில் சாரம் மாறாமல் செய்யப்படும் உணவையே 'ஒரிஜினல்' என்று சொல்லலாம். 'பாரம்பரியம்' என்று சொல்ல, அந்தச் செய்முறை தலைமுறைகளாக மாறாமல் வழங்கி வந்திருக்க வேண்டும். 'சுத்தமான' என்பதோ பிற பொருள் எதுவும் சேராத ஒற்றைப் பண்டத்துக்கு உரியது. பலபொருள் சேர்ந்த உணவுக்கு அந்த அடைமொழி பொருந்தாது. பாலும் சர்க்கரையும் சேர்ந்த கோவாவைச் 'சுத்தமான பால்கோவா' என்று எழுதுவதைக் காட்டிலும், 'பாலும் சர்க்கரையும் மட்டும்' என்று எழுதுவது சட்டத்துக்கும் பொருந்தும், உண்மைக்கும் பொருந்தும், படிக்கிறவருக்கும் பிரயோஜனப்படும்.

ஊர்ப் பெயருக்கும் காவல் உண்டு. பழனிப் பஞ்சாமிர்தம் பெற்ற அதே 2019ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் புவிசார் குறியீடு பெற்றது. மறு வருஷம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் அந்த வரிசையில் சேர்ந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்தக் குறியீட்டைப் பொய்யாகப் பயன்படுத்துகிறவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அந்தச் சட்டத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த அம்சம் தண்டனையன்று. இந்தப் பெயரை யாரும் யாருக்கும் விற்க முடியாது. அடமானம் வைக்க முடியாது. குத்தகைக்கு விடவும் முடியாது. கம்பெனி முத்திரையை இன்னொரு கம்பெனி விலைக்கு வாங்கிவிடலாம். ஊரின் பெயரோ ஊரை விட்டுப் பெயராது. தயாரிப்பாளர்கள் சென்னை கிண்டியிலுள்ள பதிவகத்தில் தத்தம் பெயரை அங்கீகாரம் பெற்ற பயனாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். அவ்வாறு பதிந்துகொண்டவருக்கே அந்தப் பெயரைச் சட்டத்தின் துணையோடு சொல்லிக்கொள்ளும் உரிமை வலுப்பெறுகிறது. சட்டம் இவ்வளவு செய்தும், வெளியூரில் போலி விற்கிறவரைத் தேடிப் பிடிக்கும் வேலை பெரும்பாலும் அந்தச் சிறு தயாரிப்பாளர்கள் தலையிலேயே விழுகிறது என்பது அநியாயம். அடுப்பையும் விட்டுவிட்டு ஊர் ஊராய் அவர்கள் எங்கே அலைவார்கள்?

கலப்படம் என்றதும் எல்லோரும் பாலில் கலக்கும் தண்ணீரையும் மாவையும் நினைக்கிறோம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், உயிருக்கு ஆபத்தான கலப்படம் அகப்பட்டது 12 மாதிரிகளில் மட்டுமே. ஆனால் அஃப்லடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு அளவுக்கு மேல் இருந்தவை 368, அவற்றில் தமிழ்நாட்டின் பங்கு மற்ற மாநிலங்களினதைவிட அதிகம். இந்த நஞ்சைப் பாலில் எவரும் ஊற்றுவதில்லை. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் சோளமும் மாட்டின் வயிற்றுக்குள் போய், மடி வழியாக வெளிவருகிறது. பருத்தியால் வளர்ந்த ராஜபாளையம் வட்டாரத்தில் பருத்திக்கொட்டை அரைத்து மாட்டுக்கு வைப்பது வழிவழி வந்த வழக்கம். அது நல்ல தீவனம்தான். அதை உலர்ந்த இடத்தில் வைக்க ஒரு கொட்டகை, வாங்குகிற இடத்தில் ஒரு பரிசோதனை, இவ்விரண்டும் மாட்டுக்காரருக்குக் கிடைத்தால் நஞ்சு அங்கேயே நின்றுவிடும். லிட்டருக்குச் சில ரூபாய் லாபம் பார்க்கிறவர் தம் கைக்காசில் கொட்டகை போடுவார் என்று எதிர்பார்ப்பது தர்மமன்று. பால்கோவாவின் பெயரால் வரும் லாபத்தில் ஒரு பங்கு அந்தக் கொட்டகைக்குப் போக வேண்டும்.

இன்னும் ஆழமான ஒரு கடன் இருக்கிறது. அதை எழுதும்போது என் கை தயங்குகிறது. பால்கோவாப் பெட்டியின் மூலையில், சைவ உணவு என்று காட்டும் பச்சைச் சதுரமும் அதன் நடுவே பச்சை வட்டமும் உண்டு. அந்தப் பச்சைப் பொட்டு மாமிசம் கலக்கவில்லை என்று மட்டுமே சாட்சி சொல்கிறது. கன்றுக்கு எத்தனை காம்பு விட்டார்கள், காளைக் கன்று பிறந்தால் அது என்ன ஆயிற்று என்பவற்றை அது சொல்வதில்லை. ஏருக்கும் வண்டிக்கும் மாடு வேண்டியிருந்த காலத்தில் காளைக் கன்றுக்கு மதிப்பிருந்தது. டிராக்டர் வந்த பின், கலப்பினப் பசுவுக்குப் பிறந்த காளைக் கன்று வீட்டுக்குச் சுமையாகிவிட்டது. கன்று இறந்துபோனால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்திப் பால் கறப்பதை நம் கிராமங்களில் கண்டவர்கள் பலர் இருப்பார்கள். அந்தத் தோலை நக்கியபடியே பால் சுரக்கும் பசுவைப் பார்த்த பின்னும் பாலைக் குற்றமற்ற உணவு என்று எளிதாய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பால் சுரக்க ஊசி போடும் கொடுமையும் உண்டு. மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் அத்தகைய செய்கைக்கு 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டமே இரண்டு வருஷம் வரை சிறை விதிக்கிறது. கன்றின் உயிருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனைக் கதையாய்ச் சொல்லி வளர்ந்த நாம், கன்றின் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் இனிப்பை வாங்கி வருகிறோம். பாலை விட்டுவிடு என்று எவருக்கும் சொல்ல நான் வரவில்லை. கன்று குடித்து மிஞ்சியதைக் கறக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. காளைக் கன்றை அடிமாட்டுக்கு விற்க மனமில்லாமல் வைத்துக் காப்பாற்றும் ஏழைகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய பாலுக்குக் கூடுதலாக இரண்டு ரூபாய் கொடுக்க நமக்கு மனமிருக்கிறதா என்பதே கேள்வி.

ராஜபாளையத்து மாம்பழத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் மலையடிவாரத் தோப்புகளில் சித்திரை பிறந்தவுடன் வரத் தொடங்கிவிடும். தட்டையான உடம்போடு அழகில் பின்தங்கிய சப்பட்டை, சாற்றிலும் மணத்திலும் முன்னால் நிற்கும். மேல் நிறத்தை வைத்து மதிப்பிடுகிறவருக்கு அது அகப்படாது. நிறத்தை விரும்பும் அந்தக் கண்ணுக்காகவே கால்சியம் கார்பைடு என்னும் கல் சந்தைக்குள் நுழைந்தது. 'கல்லு போட்ட பழம்' என்று வியாபாரிகளே தாழ்ந்த குரலில் சொல்வார்கள். ஈரம் பட்டதும் அந்தக் கல் வெளியிடும் அசிட்டிலீன் வாயு தோலை மஞ்சளாக்கிவிடும். உள்ளே காய் காயாகவே இருக்கும். கல்லோடு ஒட்டிவரும் ஆர்சனிக்கும் பாஸ்பரசும் உடம்புக்குக் கேடு. இதற்குத் தடை இருக்கிறது. பழங்கள் தாமே இயற்கையாக வெளியிடும் எத்திலீன் வாயுவைக் குறிப்பிட்ட அளவுக்குள் அறைகளில் செலுத்திப் பழுக்க வைக்க 2016 முதல் அனுமதியும் இருக்கிறது. வைக்கோலில் பரப்பி மூடி வைத்துக் காத்திருக்கும் பழைய வழியும் இன்னும் செத்துப்போகவில்லை. அந்தத் தோப்புகளின் மேலே 1988இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இருக்கிறது. அதில் வாழும் சாம்பல் நிற அணில் மரம் விட்டு மரம் தாவி இறங்கி மாங்காயிலும் புளியிலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அணிலின் பங்கைக் கழித்துக்கொண்டு விலை சொல்லும் தோப்புக்காரர் ஒருவர், "அது கடிச்ச மரத்துப் பழந்தான் ருசிங்க" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தம் சற்றும் இல்லை.

நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த ஊரைக் கடக்க முடியாது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, இமாலய மேய்ப்பு நாய்க்கும் ராம்பூர், முதோல் வேட்டை நாய்களுக்கும் சமமாக ராஜபாளையமும் இடம் பெற்றது. தூய வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்க, அந்த வெண்மையையே விளம்பரப்படுத்தி நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே குட்டி எடுத்ததனால், காது கேளாத குட்டிகள் பிறக்கும் துன்பம் இந்த இனத்தில் இருக்கிறது. நிறமி இல்லாத வெண்மைக்கும் செவிட்டுத்தன்மைக்கும் தொடர்புண்டு என்பது அறிவியல் அறிந்தது. நிறத்துக்காகப் பழத்துக்கு நேர்ந்தது, நாய்க்கும் நேர்ந்திருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாத் தயாரிப்பாளர்கள் ஒன்றுகூடினால் இந்த ஆண்டிலேயே செய்துவிடக்கூடிய காரியங்கள் சில உண்டு. பெட்டியின் மேல் 'ஒரிஜினல்' என்பதை எடுத்துவிட்டு, கிண்டிய நாளையும், ஒரு கிலோவுக்குச் சென்ற பாலின் அளவையும், பால் வந்த கிராமத்தின் பெயரையும் அச்சிடலாம். கிண்டி பதிவகத்தில் பதிந்துகொண்ட தயாரிப்பாளர்களின் பட்டியலை நகராட்சி பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் பெரிதாய் எழுதி வைக்கலாம். கூட்டுறவுச் சங்கம் தீவனக் கொட்டகைக்கும், கன்றுக்குப் பால் விட்டுக் கறக்கும் வீடுகளுக்கு ஊக்கத்தொகைக்கும் ஒரு நிதியைத் தொடங்கலாம். அதனால் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுமானால், அதைக் கொடுக்க நானும் என்னைப் போன்ற வாசகர்களும் தயாராயிருக்கிறோம் என்பதைக் கடைக்காரர்கள் இந்தக் கட்டுரை மூலமாகவே தெரிந்துகொள்ளட்டும்.